மதியம் வேண்டாம், மாலையில் இல்லை

வாசகர் கடிதம்:

"ஐயா, உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். போன வருடம் மானியத்தில் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். வெயில் நன்றாக அடிக்கும் பதினொன்றரை மணிக்கு மேல் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது, மறுபடி நிற்கிறது. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால், 'கிரிட் வோல்டேஜ் அதிகம், செட்டிங்கை மாற்றித் தருகிறேன்' என்கிறார். அதே தெருவில் மாலை ஏழு மணிக்கு மிக்ஸி சுற்றாத அளவுக்கு லோ வோல்டேஜ். ஆடி மாதம் ஊரைச் சுற்றியுள்ள மின் காற்றாடிகளில் பல சும்மா நிற்கின்றன. இருக்கிற கரண்டை மதியம் வேண்டாம் என்கிறார்கள், மாலையில் இல்லை என்கிறார்கள். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார், பில் இரண்டு மடங்காகும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். செட்டிங்கை மாற்றலாமா? கரண்ட் போனால் சோலாரும் போய்விடுகிறதே, பேட்டரி வாங்க வேண்டுமா?"

பதில்:

அம்மாவுக்கு வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செட்டிங்கை மாற்ற விடாதீர்கள். அவர் மாற்றப்போவது, எத்தனை வோல்ட் வரை இன்வெர்ட்டர் (சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி லைனில் சேர்க்கும் பெட்டி) நிற்காமல் ஓடலாம் என்ற உச்ச வரம்பை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதற்கு மேல் பத்து சதவீதம், அதாவது 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் விலகிக்கொள்ள வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையம் வகுத்த தரம். அதை 265, 270 என்று ஏற்றிவிட்டால் உங்கள் கணக்கில் யூனிட் ஏறும், உண்மைதான். ஆனால் அந்த 265 வோல்ட் உங்கள் வீட்டோடு நிற்காது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ், எதிர் வீட்டு டிவி, உங்கள் வீட்டு ஃபேன் என எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். ஒரு தெருவில் நாலு பேர் இப்படி ஏற்றி வைத்தால், ஐந்தாவது ஆள் ஒழுங்காக வைத்த இன்வெர்ட்டர் மட்டும் நாள் முழுக்க நின்று நின்று வரும். உங்கள் தெருவிலேயே யாராவது அப்படி ஏற்றி வைத்திருக்கலாம் என்பது என் சந்தேகம்.

இனி, ஏன் இப்படி ஆகிறது என்று பார்ப்போம். உங்கள் ஊர்ப்பக்கம் வாய்க்காலை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலில் தலைமடையில் தண்ணீர் ததும்பும், கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் இளைத்துவிடும். தெரு லைனும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் 235 வோல்ட் இருக்கும்போது கடைசிக் கம்பத்து வீட்டில் 195 தான் இருக்கும். இது காலகாலமாக மாலையில் நடப்பது. மதியம் நடப்பது புதிது. கடைமடைக்காரர் தன் கிணற்றுத் தண்ணீரை இறைத்து அதே வாய்க்காலுக்குள் விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் திரும்பிவிடும், கடைமடையில் மட்டம் உயரும். உங்கள் மாடியும் பக்கத்து மாடிகளும் சேர்ந்து செய்வது இதைத்தான். மின்சாரத்தை வெளியே தள்ளத் தள்ள லைனின் கோடியில் வோல்டேஜ் ஏறுகிறது. வரம்பைத் தொட்டதும் இன்வெர்ட்டர் விலகுகிறது. விலகியதும் வோல்டேஜ் இறங்குகிறது. இறங்கியதைப் பார்த்து மறுபடி வந்து சேர்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். டிரான்ஸ்ஃபார்மரில் 'டேப்' என்று ஒரு திருகு உண்டு. வோல்டேஜை இரண்டரை சதவீதப் படிகளாக ஏற்றலாம், இறக்கலாம். சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் அதைத் தொட முடியும். மாலையில் கடைக்கோடி வீடுகளுக்கு வோல்டேஜ் போதவில்லை என்று புகார் வந்தால் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) டேப்பை ஏற்றி வைக்கச் சொல்வார். என் சர்வீஸில் நானே எத்தனையோ முறை ஏற்றி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அது சரியான வேலைதான். மதியம் எதிர்த்திசையில் மின்சாரம் வரும் என்று அப்போது யார் நினைத்தோம்? இன்றைக்கு அதே திருகு மாலைக்கு மருந்தாகவும் மதியத்துக்கு வியாதியாகவும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே குறையின் இரண்டு வேளைகளாகத் தெரிகின்றன.

ஸ்மார்ட் கிரிட், அதாவது தன்னைத் தானே கவனித்துச் சரிசெய்துகொள்ளும் மின்கட்டமைப்பு, என்ற பெரிய சொல்லுக்கு உங்கள் தெருவில் அர்த்தம் இதுதான். கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் என்ன என்பது மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு அந்த நிமிடமே தெரிய வேண்டும். தெரிந்ததும் யாரும் கம்பம் ஏறாமல் டேப் தானாக நகர வேண்டும். இன்வெர்ட்டர் ஒரேயடியாக நிற்பதற்குப் பதில், மூன்று கிலோவாட்டை இரண்டாகக் குறைத்துக்கொண்டு ஓட வேண்டும். மின்சாரம் மிதமிஞ்சி நிற்கும் அந்த நேரத்தில் தெருவில் மோட்டார்கள் ஓட வேண்டும். இவற்றில் எதுவும் எட்டாக்கனி இல்லை. வோல்டேஜைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி இப்போது வரும் பல இன்வெர்ட்டர்களில் ஏற்கெனவே இருக்கிறது. மின் பகிர்மானக் கழகம் ஒப்புதல் கொடுத்து எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு செட்டிங் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். எல்லாருக்கும் தப்பான ஒரே செட்டிங் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜெர்மனியில் அதிர்வெண் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவு; இயல்பு 50 ஹெர்ட்ஸ்) 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் சோலார் இன்வெர்ட்டர்கள் விலகிவிட வேண்டும் என்று முதலில் விதி வைத்தார்கள். சோலார் கொஞ்சமாக இருந்தவரை பிரச்சினை இல்லை. பல்லாயிரம் மெகாவாட்டாகப் பெருகிய பிறகுதான், அந்த எண்ணைத் தொட்ட நொடியில் அத்தனையும் ஒன்றாக அணைந்து நாட்டையே இருட்டாக்கிவிடும் என்று உறைத்தது. 2012-இலிருந்து வீடு வீடாகப் போய் லட்சக்கணக்கான இன்வெர்ட்டர்களைத் திருத்தினார்கள். நாம் அந்தச் செலவை முன்கூட்டியே தவிர்க்கலாம்.

உங்கள் தெருவைப் போலவே ஒரு தெருவுக்கு நான் ஒருமுறை போக வேண்டி வந்தது. லைனின் கோடி வீடு. காலை 11.40 மணி. இன்வெர்ட்டர் திரையில் 251, 253, 256 என்று ஏறிக்கொண்டே போய் சிவப்பு விளக்கு வந்தது. மறுபடி வரும்வரை காத்திருந்து, வந்ததும் அந்த வீட்டம்மாவிடம் கிரைண்டரையும் கிணற்று மோட்டாரையும் போடச் சொன்னேன். "இட்லிக்கு ஊறப் போட்டது இன்னும் ஊறலையே" என்றார். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட விடுங்கள் என்றேன். திரையில் 250 வந்து நின்றது. மோட்டார் ஓடிய முக்கால் மணி நேரமும் இன்வெர்ட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. பிறகு லைன்மேனோடு கம்பம் கம்பமாக நடந்து பார்த்தோம். அந்தத் தெருவில் ஐந்து மாடிகளில் சோலார் இருந்தது. ஐந்தும் ஒரே ஃபேஸில். மும்முனை லைனில் மற்ற இரண்டு ஃபேஸ்களில் ஒன்றுகூட இல்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கைக்கு எட்டிய கம்பியில் அவரவர் சர்வீஸ் வயரை மாட்டியதுதான். லைன்மேன் இரண்டு வீட்டை ஆளுக்கொரு ஃபேஸுக்கு மாற்றினார், அரை மணி நேர வேலை. அந்த வீட்டுத் தொல்லை முக்கால்வாசி தீர்ந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு வாரம், காலை ஏழு மணி, மதியம் பன்னிரண்டு, மாலை ஏழு என மூன்று வேளையும் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். இன்வெர்ட்டர் திரையைப் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. மதிய நேரத்தில் எலக்ட்ரீஷியனை விட்டு இன்வெர்ட்டர் முனையிலும் ஈ.பி. மீட்டர் முனையிலும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஏழெட்டு வோல்ட் வித்தியாசம் இருந்தால் குறை உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மாடியிலிருந்து கீழே வரும் வயர் மெல்லியது, அல்லது எங்கோ இணைப்பு லூஸ். அதைப் போட்டுக் கொடுத்தவர்தான் சரிசெய்து தர வேண்டும். மீட்டரிலேயே 250-க்கு மேல் இருந்தால் தெருவின் குறை. பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். 'வோல்டேஜ் அதிகம்' என்று பொதுவாக எழுதாமல் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: சோலார் இணைப்புகள் எந்தெந்த ஃபேஸில் இருக்கின்றன, டிரான்ஸ்ஃபார்மர் டேப் எந்தப் படியில் இருக்கிறது, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இணைப்பு சரியாக இருக்கிறதா. சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சிலவற்றில் டேப்பே இருக்காது. அப்போது ஃபேஸ் மாற்றுவதுதான் வழி. ஒரு எச்சரிக்கை: வீட்டில் ஒரு விளக்கு மங்கும்போது இன்னொன்று பளிச்சென்று எரிந்தால் அது நியூட்ரல் கோளாறு. அதற்கு மனு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். மெயினை அணைத்துவிட்டு உடனே மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

மனுவில் ஒரு வரி சேருங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-இல் வந்தன. 2024-இல் செய்த திருத்தத்தின்படி 10 கிலோவாட் வரையிலான வீட்டுச் சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும். மக்களை அலைய விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் ஆய்வு போனதால், சோலார் ஏறுவதற்கு முன் தெரு லைனை ஒருவர் வந்து பார்ப்பதும் போய்விட்டது. அதற்கு ஈடாக அதே திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: 5 கிலோவாட் வரையிலான சோலாருக்காக லைனையோ டிரான்ஸ்ஃபார்மரையோ பலப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவு மின் பகிர்மான நிறுவனத்தையே சேரும். உங்களுடையது 3 கிலோவாட். எஸ்டிமேட் போட்டுப் பணம் கட்டச் சொன்னால் இதைக் காட்டுங்கள். பிரிவு அலுவலகத்தில் நகரவில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். இழப்பைக் கணக்காகவே எழுதுங்கள். 3 கிலோவாட் நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் தரும். உச்சி வேளையில் நின்று நின்று ஓடுவதால் நான்கு யூனிட் போனாலும் இரண்டு மாத பில்லில் 240 யூனிட். அது சின்னத் தொகை இல்லை.

காற்றாடிகளுக்கு வருகிறேன். நிற்பவை எல்லாம் ஒரே காரணத்தால் நிற்கவில்லை. உங்கள் பக்கம் முப்பது வருடத்துக்கு முன் நட்ட 225, 250 கிலோவாட் பழைய எந்திரங்கள் நிறைய. சில பழுது. ஓடும் பழையவையும் லைனின் வோல்டேஜைக் கீழே இழுத்துக்கொண்டுதான் ஓடும். அந்த இடங்களில் புது எந்திரம் நட்டால் பாதி எண்ணிக்கையில் பல மடங்கு மின்சாரம் எடுக்கலாம். இதை நான் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறேன். நல்ல எந்திரமும் நிற்பது வேறு விஷயம். மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் தராசுத் தட்டுகள் மாதிரி சமமாக நிற்க வேண்டும். நிற்கிறதா என்று காட்டும் முள்தான் அதிர்வெண்: 50 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 49.90-இலிருந்து 50.05 வரை அனுமதி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நடு ராத்திரியிலும் அடிக்கும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. ஊர் உறங்கும் நேரத்தில் அது கொட்டினால் எதையாவது குறைக்க வேண்டும். அனல் நிலையத்தை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. அணைத்துவிட்டால் கொதிகலனை மறுபடி சூடேற்றப் பல மணி நேரம் பிடிக்கும், மறுநாள் மாலை உச்சத்துக்கு அது வேண்டும். கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் உலைகளும் ஒரே சீராக ஓடும் குணம் உள்ளவை. அதனால் கை காற்றாலைப் பக்கம் போகிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு, மூன்றும் நம்மிடம் பாதி பாதி இருக்கின்றன. ஒன்று, வெளியே அனுப்புவது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் மூலம் தென்னக மின்கட்டமைப்பு மற்ற இந்தியாவோடு முழுமையாகச் சேரும்வரை நம் காற்றைப் பெரும்பாலும் நாமே சாப்பிட வேண்டியிருந்தது. இப்போது சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6,000 மெகாவாட் நேர்மின்சார லைன் வந்திருக்கிறது. அதில் இங்கிருந்து வடக்கேயும் அனுப்பலாம். இரண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்வது. நாளை எந்தக் கால்மணி நேரத்தில் எவ்வளவு காற்று என்ற கணிப்பு நன்றாக இருந்தால், அனல் நிலையத்தை அதற்கேற்ப ஏற்பாடு செய்து வைக்கலாம். மூன்று, சேமிப்பது. இது உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொள்ளாச்சி, ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் காடம்பாறை நீரேற்று நிலையம்: 400 மெகாவாட். மிஞ்சிய மின்சாரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே உள்ள அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது அதே தண்ணீரை அதே எந்திரத்தின் வழியே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். மலைக்குள் குடைந்த குகையில் இருக்கும் அந்த எந்திரக் கூடத்துக்கு முதல்முறை போனபோது, நேற்றைய காற்று தண்ணீராக மாறி மேலே தேங்கி நிற்கிறது என்ற நினைப்பில் வெகுநேரம் நின்றிருந்தேன். நாற்பது வருடத்துக்கு முன்பே திட்டமிட்டவர்களுக்கு நன்றி. அதற்குப் பிறகு நாம் போதுமான அளவு கட்டாமல் விட்டோம் என்பது என் வருத்தம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு எடுத்த வேலையைப் போல் இன்னும் பல வேண்டும்.

இந்தத் தராசில் வீடுகளுக்கு எவ்வளவு எடை என்று கேட்டால், 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணியை நினைத்துப் பாருங்கள். ஒன்பது நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். நாடு முழுக்க சுமார் 31,000 மெகாவாட் தேவை அரை மணி நேரத்துக்குள் சரிந்து, பிறகு திரும்ப ஏறியது. நீர்மின் நிலையங்களை இறக்கி ஏற்றிச் சமாளித்தார்கள். வீட்டு ஸ்விட்சுகளுக்கு அவ்வளவு வலு. அந்த வலுவை மதியத்தின் பக்கம் திருப்பினால் நமக்குத்தான் லாபம். இப்போதைக்குக் கிணற்று மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்வெர்ட்டரும் நிற்காது.

ஸ்மார்ட் மீட்டர் பற்றி. அது அரை மணிக்கு ஒருமுறையோ கால் மணிக்கு ஒருமுறையோ நீங்கள் செலவழித்ததையும் வோல்டேஜையும் குறித்து அனுப்பும். சப்ளை போனால் நீங்கள் போன் செய்வதற்கு முன் அதுவே தகவல் சொல்லும். பில் இரண்டு மடங்காகாது. சுழலும் வட்டத் தட்டு வைத்த பழைய மீட்டர் தேய்ந்து மெதுவாக ஓடியிருந்தால் புதிதில் கொஞ்சம் கூடித் தெரியலாம். சந்தேகம் வந்தால் புகார் கொடுங்கள்: ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பக்கத்தில் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று அதே 2024 திருத்தம் சொல்கிறது. நமக்கு நேரடி லாபமும் ஒன்று உண்டு. ரீடிங் எடுக்க நாலு நாள் தள்ளி வந்து, 490-இல் நின்றிருக்க வேண்டியது 500-ஐத் தாண்டி, அடுத்த படிக் கட்டணம் கட்டிய வீடுகள் எத்தனை! குறித்த நாளில் குறித்த நேரத்தில் மீட்டரே கணக்கு அனுப்பினால் அந்த அநியாயம் ஒழியும். நேரவாரிக் கட்டணம் பற்றியும் பயப்படுகிறார்கள். 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, வெயில் நேரத்துக்குக் குறைந்தது இருபது சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்துக்கு வீடுகளுக்குக் குறைந்தது பத்து சதவீதம் கூடுதலாகவும் கட்டணம் வைக்கச் சொல்கிறது. எந்த மாநிலத்தில் யாருக்கு எப்போது என்பது அந்தந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையைப் பொறுத்தது. மாடியில் சோலாரும் பகலில் வீட்டில் ஆளும் உள்ள உங்களுக்கு இதில் நட்டமில்லை. பகல் முழுக்க வேலைக்குப் போய் இரவில் மட்டும் சமைக்கிற, ஒற்றை அறை வாடகை வீட்டுக்காரருக்கு உண்டு. அவர்களை இந்தக் கூடுதலில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முன்பணம் கட்டிப் பயன்படுத்தும் முறை வந்தால், அது தீர்ந்த நொடியில் ராத்திரியில் இணைப்பைத் துண்டிப்பதும் கூடாது.

ஆனால் வீட்டில் மீட்டரை மட்டும் மாற்றிவிட்டு ஸ்மார்ட் கிரிட் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். என்னைக் கேட்டால் முதல் மீட்டர் தெரு டிரான்ஸ்ஃபார்மரில்தான் மாட்ட வேண்டும். அங்கே எந்த ஃபேஸில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று தெரிந்தாலே உங்கள் தெருவைப் போன்ற ஆயிரம் தெருக்களின் குறை, புகார் வருவதற்கு முன் தெரிந்துவிடும். இன்னொன்று: அரை மணி நேரக் கணக்கைப் பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிறார்களா, ஊருக்குப் போய்விட்டார்களா என்பதுகூடத் தெரியும். அந்தக் கணக்கு உங்களுடையது. உங்கள் செல்போனில் உங்களுக்குக் காட்ட வேண்டும், உங்களைக் கேட்காமல் வேறு யாருக்கும் காட்டக் கூடாது.

பேட்டரி இப்போது வேண்டாம். கரண்ட் போனால் சோலார் நிற்பது கோளாறு இல்லை. உங்கள் மாடி மின்சாரம் லைனில் ஏறிக்கொண்டிருந்தால், சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பம் ஏறிய லைன்மேனின் உயிர் போகும். பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரிந்துகொண்டு வீட்டுக்கு மட்டும் தரும். ஆனால் உங்கள் பக்கம் மின்வெட்டு எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி என்றால் அந்தப் பணம் வீண். தெருவின் வோல்டேஜைச் சரிசெய்ய உங்கள் ஓய்வூதியத்திலிருந்து பேட்டரி வாங்குவது நியாயமும் இல்லை.

டேப்பை இறக்கி வைத்தால் மாலை ஏழு மணி அளவை மறுபடி ஒரு வாரம் பாருங்கள். 207-க்குக் கீழே போனால் மதியக் குறையை மாலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். லைனைத் தடிமனாக்கவோ, தெருவுக்கு நடுவில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கவோ கேட்க வேண்டும். குறிப்புகளை எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். உங்கள் கம்பம் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எத்தனையாவது என்பதையும் எண்ணி எழுதுங்கள். மனுவில் எதை முதலில் கேட்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.